அறுந்த இழை – 9: விளக்கொளியில் மடிந்த இரண்டு

ஆரணியில் பட்டு நெய்யும் தெருக்களில் விடிந்தும் விடியாமல் பாவை நீட்டிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தோய்த்து, சிக்கெடுத்து, சுருட்டிவிட வேண்டும். போன மாதம் அப்படியொரு தெருவில், ஒரு வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நெய்துகொண்டிருந்த அக்கா சட்டென்று கையை நிறுத்தினார்.

பாவில் ஓர் இழை அறுந்திருந்தது. என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

அதே நிறத்தில் ஒரு துண்டு இழையை எடுத்தார். விரலில் சாம்பல் தொட்டு, அறுந்த முனையோடு சேர்த்து முறுக்கினார். விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சின் பல்லிடுக்கில் கோத்து, இழுத்து நிறுத்தினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இத்தனை ஆயிரம் இழையில இது எந்தக் கண்ணுல போகணும்னு எப்படிக்கா தெரியுது?"

"பக்கத்து இழை சொல்லும் தம்பி. அது அறுகாம நிக்குதுல்ல? அதப் பாத்துத்தான் இதக் கோக்கணும்."

இந்த வாரக் கதையை எங்கிருந்து தொடங்குவது என்று பத்து நாளாகத் தவித்துக்கொண்டிருந்தேன். அக்கா தொடங்கிவைத்துவிட்டார்.

இதுவரை

1946-இல் ஜோஷுவா லெடர்பெர்க் என்ற 21 வயது இளைஞரும் அவருடைய ஆசிரியர் எட்வர்ட் டேட்டமும், பாக்டீரியாக்களும் இணைகின்றன, மரபணுக்களைக் கலந்துகொள்கின்றன என்று காட்டியதைப் பார்த்தோம். அவர்கள் கையில் இருந்தது ஈ. கோலையின் கே-12 வகை. 1922-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட வகை அது.

பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் எலி வோல்மனும் பிரான்சுவா ஜேக்கப்பும் அந்த இணைவைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். கொடுக்கும் செல்லிலிருந்து பெறும் செல்லுக்கு டிஎன்ஏ ஒரு நூல்போல நீண்டு நுழைகிறது. முழு நூலும் போய்ச்சேர ஏறத்தாழ 100 நிமிடம்.

உள்ளே வந்த நூல் என்ன ஆகிறது? பெறுநரின் சொந்த டிஎன்ஏவோடு அது எப்படிச் சேர்ந்து ஒன்றாகிறது? அந்தச் சேர்க்கைக்கு மறுசேர்க்கை என்று பெயர் வைத்தாயிற்று. செய்வது எது என்பது மட்டும் இருட்டிலேயே இருந்தது. சென்ற வாரம் அங்கே நிறுத்தினோம்.

வெல்வெட் துணியில் ஒரு வேட்டை

மரபியலாளர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு. இயந்திரத்தைத் திறந்து பார்க்க முடியாவிட்டால், அதன் பாகங்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் உடைக்க வேண்டும். எந்த வேலை நிற்கிறது என்று பார்த்தால், உடைந்த பாகம் எதற்காக இருந்தது என்பது தெரிந்துவிடும்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆல்வின் ஜான் கிளார்க்கும் அவருடைய மாணவி ஆன் டீ மார்குலிஸும் அதைத்தான் செய்யப் புறப்பட்டார்கள். பெறுநர் வகை பாக்டீரியாவை நைட்ரசோகுவானிடின் என்ற வேதிப்பொருளில் நனைத்தார்கள். மரபணு எழுத்துகளைக் கண்டபடி மாற்றிவிடும் கொடிய பொருள் அது. தப்பிப் பிழைத்த ஒவ்வொன்றையும் தனித்தனிக் குடும்பமாகத் தட்டில் வளரவிட்டார்கள்.

அடுத்த படிக்கு வேண்டியது துணி. வட்டத் தட்டின் அளவுக்கு வெட்டிய வெல்வெட் துணியை வளர்ந்த தட்டின் மேல் ஒற்றி எடுத்தால், ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் கொஞ்சம் பாக்டீரியா அதன் நுண்ணிய மயிர்களில் ஒட்டிக்கொள்ளும். அதே துணியை இன்னொரு தட்டில் ஒற்றினால், அதே வரிசையில் அச்சு விழும். 1952-இல் ஜோஷுவாவும் அவர் மனைவி எஸ்தர் லெடர்பெர்கும் உலகத்துக்குத் தந்த உத்தி இது. நூலும் துணியுமாக வாழும் ஊரில் பிறந்தவன் என்பதாலோ என்னவோ, இந்த வெல்வெட் துண்டை என்னால் வெறும் கருவியாகக் கடந்துபோக முடியவில்லை.

இரண்டாவது தட்டில் கொடையாளி பாக்டீரியாக்களை ஏற்கெனவே பரப்பி வைத்திருந்தார்கள். மறுசேர்க்கை நடந்த குடும்பம் மட்டுமே அந்தத் தட்டில் வளர முடியும். ஆக, முதல் தட்டில் இருந்து, இரண்டாவது தட்டில் காணாமல் போகும் குடும்பம் எதுவோ அதுதான் தேடும் பொருள்.

தட்டு தட்டாகப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் வளர்ந்திருந்தது. மறுபடியும் ஒற்றினார்கள், மறுபடியும் பார்த்தார்கள்.

கடைசியில் இரண்டு மிஞ்சின.

இரண்டே இரண்டு குடும்பங்கள். தனியே வைத்தால் பிழைக்கும், பெருகும். கொடையாளியோடு சேர்த்தால் கலப்புச் சந்ததி கிட்டத்தட்ட இல்லை.

ஆனால் அவசரப்பட முடியாது. கொடையாளியின் டிஎன்ஏ இந்த இரண்டுக்குள் நுழையவே இல்லை என்றாலும் இதே விளைவுதான் வரும். கதவு பூட்டியிருக்கிறதா, வீட்டுக்குள் ஆள் இல்லையா என்று பிரித்தறிய வேண்டும். பாக்டீரியாவின் டிஎன்ஏவோடு சேராமல் தனி வளையமாகவே உள்ளே வாழக்கூடிய ஒரு துண்டை அனுப்பிப் பார்த்தார்கள். அது நுழைந்தது, தங்கியது, தன் வேலையைச் செய்தது. கதவு திறந்தேதான் இருந்தது. வந்த இழையைச் சேர்த்துத் தைக்கும் கைதான் இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் பாக்டீரியா மரபியலில் ஒரு நல்ல கட்டுரையாக நின்றிருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை.

விளக்கின் கீழ்

அந்த இரண்டையும் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தார்கள்.

1964-இல்தான் புற ஊதாக் கதிரால் காயம்பட்ட டிஎன்ஏவைப் பாக்டீரியா வெட்டியெடுத்துச் சரிசெய்கிறது என்பது வெளியாகியிருந்தது. ஏழாம் பகுதியில் எழுதியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறுசேர்க்கைக்கும் அந்தப் பழுதுபார்ப்புக்கும் உறவு உண்டா என்ற பேச்சு அப்போது காற்றில் இருந்தது. உறவு கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை.

சாதாரண கே-12 பெருமளவு பிழைத்துக்கொள்ளும் சிறிய அளவு ஒளியில் அந்த இரண்டும் கூட்டங்கூட்டமாக மடிந்தன.

இந்த இடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு பாக்டீரியா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட இன்னொன்றோடு இணையாமல் இருக்கலாம். இரண்டாகப் பிளந்து பெருகுவதே அதன் அன்றாடம். இணைவுக்காக மட்டுமே ஒரு மரபணு இருந்தால், அது உடைந்ததில் பெரிய நட்டம் ஏதும் வந்திருக்கக் கூடாது. ஆனால் அது உடைந்தபோது வெளிச்சமே எமனானது. அப்படியென்றால் அந்த மரபணுவின் அன்றாட வேலை வேறு ஏதோ ஒன்று.

கட்டுரை 1965 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. நம் ஊர்த் தெருக்கள் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொதித்துக்கொண்டிருந்த மாதம் அது. அந்த இதழை இங்கே யாரும் புரட்டியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

சந்தேகம்

எதிர்வாதம் ஒன்று உடனே எழக்கூடும். அது நியாயமானதும்கூட. நைட்ரசோகுவானிடின் ஓர் எழுத்தோடு நிற்கும் பொருள் இல்லை. பக்கத்திலேயே வேறு மரபணுவையும் கெடுத்துவிடும். ஒன்று மறுசேர்க்கையைக் கெடுத்தது, வேறொன்று ஒளித்தாக்குதலைத் தாங்கும் திறனைக் கெடுத்தது, இரண்டும் தற்செயலாக ஒரே செல்லில் அமைந்துவிட்டன என்றால்?

பதில் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து, அதுவும் எதிர்த்திசையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் பிறந்த பால் ஹோவர்ட்-ஃப்ளாண்டர்ஸ் இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தவர். 1964-இன் பழுதுபார்ப்புக் கண்டுபிடிப்பில் அவருக்கும் பங்கு உண்டு. அவரும் லீ தெரியோவும் இணைவைப் பற்றிக் கவலைப்படாமல், கதிர்வீச்சைத் தாங்க முடியாத பாக்டீரியாக்களைத் தேடினார்கள். கிடைத்தவற்றை இணையவிட்டுப் பார்த்தபோது, அவற்றில் சில மறுசேர்க்கை செய்ய முடியாதவையாக இருந்தன.

ஒரு சாலையின் இரு முனைகளிலிருந்து நடந்தவர்கள் நடுவில் சந்தித்துக்கொண்டார்கள். 1966-இல் யேலின் கட்டுரை வந்த பிறகு தற்செயல் என்று சொல்ல இடமில்லாமல் போயிற்று.

இந்தத் திரிந்த பாக்டீரியாக்கள் சாகும் விதமும் விசித்திரமாக இருந்தது. ஒளி பட்டதும் சில வகைகள் தங்கள் டிஎன்ஏவைத் தாங்களே கண்மண் தெரியாமல் தின்று தீர்த்தன. வேறு சில அளவோடு நிறுத்திக்கொண்டன. கெட்டுப்போன மரபணு ஒன்றல்ல என்பதற்கு அதுவே முதல் தடயம். 1969-க்குள் பெயர்கள் நிலைபெற்றன: ரெக்-ஏ, ரெக்-பி, ரெக்-சி. கண்மண் தெரியாமல் அழித்துக்கொண்டது ரெக்-ஏ இல்லாத வகை.

ஒன்றேகால் காயம்

அந்த ஆண்டுகளில் யேலில் கிடைத்த ஓர் எண்ணை நான் பல நாள் மனத்தில் வைத்துச் சுற்றியிருக்கிறேன்.

புற ஊதாக் கதிர் பட்டால், டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படிக்கவும் முடியாது, நகலெடுக்கவும் முடியாது. ஆரோக்கியமான ஈ. கோலை இப்படிப்பட்ட காயங்களை ஆயிரக்கணக்கில் பெற்றும் பிழைக்கும். வெட்டியெடுத்துச் சரிசெய்யும் திறன், ரெக்-ஏ ஆகிய இரண்டையும் ஒரே செல்லில் எடுத்துவிட்டால்? ஏறத்தாழ 1.3 காயம் போதும், செல் செத்துவிடும்.

சுமார் 46 லட்சம் எழுத்து இணைகள் கொண்ட நூலில் ஒன்றேகால் சொச்சம் ஒட்டு. அவ்வளவுதான்.

இந்த எண்ணிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. பழுதுபார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று இல்லாவிட்டால் மற்றது தாங்கும். இரண்டும் போய்விட்டால் செல் தாங்காது. முதல் வழி 1964-இலேயே தெரியும். ரெக்-ஏவின் வழி என்ன?

1968-இல் டீன் ரப்பும் ஹோவர்ட்-ஃப்ளாண்டர்ஸும் அதைத் தொட்டார்கள். வெட்டியெடுக்கத் தெரியாத பாக்டீரியாவின் மேல் ஒளியைப் பாய்ச்சிவிட்டு, அது புதிதாக எழுதும் டிஎன்ஏ இழைகளின் நீளத்தை அளந்தார்கள். புது இழைகள் துண்டு துண்டாக இருந்தன. நகலெடுக்கும் பொறி ஒட்டுப்பட்ட இடத்தைப் படிக்க முடியாமல் தாண்டிப் போகிறது. தாண்டிய இடத்தில் புது இழையில் இடைவெளி விழுகிறது.

நேரம் போகப் போக, துண்டுகள் நீண்டன. இடைவெளிகளை ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தது.

எதைப் பார்த்து நிரப்புவது? எதிரே இருக்கும் பழைய இழையோ காயம்பட்டது, படிக்க முடியாதது. ஆனால் நகலெடுப்பு நடந்துகொண்டிருப்பதால், அதே செய்தியைத் தாங்கிய இன்னொரு இரட்டை இழை பக்கத்திலேயே இருக்கிறது. உடன்பிறந்த இழை. அந்த இடத்தில் அதற்குக் காயம் இல்லை. 1971-இல் இதே குழு காட்டியது: உடன்பிறந்த இழையிலிருந்து ஒரு பகுதி பெயர்ந்து வந்து இடைவெளியில் சேர்கிறது.

பக்கத்து இழை சொல்லும் தம்பி.

தறியில் பக்கத்து இழை இடத்தை மட்டும்தான் சொல்கிறது. செல்லில் அது தன் எழுத்துகளையே தருகிறது. அந்த வேறுபாட்டை மறக்காமல் படிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இணைவில் நடப்பதும் இதுவேதான்: வெளியிலிருந்து வந்த இழை, உள்ளே தனக்கு ஒத்த இழையைக் கண்டுபிடித்துச் சேர்வது. கிளார்க்கும் மார்குலிஸும் தேடிப் போனது திருமணத்தை நடத்திவைக்கும் கையை. அகப்பட்டது காயத்தைத் தைக்கும் கை. இரண்டும் ஒரே கைதான்.

கையைப் பிடித்தவர்கள்

அந்தக் கை ஒரு புரதம் என்பது 1970-களின் பிற்பகுதியில் தெரிந்தது. 1979-இல் யேலில் சார்லஸ் ராடிங்கின் குழு, தூய்மைப்படுத்திய ரெக்-ஏ புரதம் ஒற்றை இழையை அதற்கொத்த இரட்டை இழையோடு சோதனைக் குழாயிலேயே சேர்த்துவைப்பதைக் காட்டியது. கட்டுரையில் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவர், பின்னாளில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சஞ்சல் தாஸ்குப்தா.

அதே ஆய்வகத்துக்குப் பெங்களூரிலிருந்து வந்தவர் கே. முனியப்பா. 1984-இல் அவர் முதல் ஆசிரியராக வெளியிட்ட கட்டுரை, ரெக்-ஏ தனியாகத் திறம்பட வேலை செய்வதில்லை என்றது. ஒற்றை டிஎன்ஏ இழை தன்மேல் தானே மடிந்து சிக்கிக்கொள்ளும். அதைப் பிரித்து நேராக்க வேறொரு புரதம் வேண்டும். சிக்கெடுத்த இழையில் மூன்று எழுத்துக்கு ஒன்றாக ரெக்-ஏ அடுக்கி உட்கார்ந்து, இழையை ஒன்றரை மடங்கு நீட்டிப் பிடிக்கிறது. சிக்கெடுத்து, நீட்டி, விறைப்பாக நிறுத்திய பிறகுதான் தேடல். தெருவில் பாவு நீட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

முனியப்பா இந்திய அறிவியல் கழகத்துக்குத் திரும்பி, காசநோய்க் கிருமியின் ரெக்-ஏவைக் கையிலெடுத்தார். அதே கழகத்தில் மா. விஜயன் இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் டாரத்தி ஹாட்ஜ்கினோடு இன்சுலினின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவர் அவர். 2000-இல் இரு குழுக்களும் சேர்ந்து காசநோய்க் கிருமியின் ரெக்-ஏ வடிவத்தை அணு அணுவாக வரைந்தன. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் காசநோயிலிருந்து மீளலாம் என்பதை 1956-இல் தொடங்கிய ஆய்வால் உலகுக்குக் காட்டிய ஊர் சென்னை. அந்த நோயின் கிருமி மருந்துகளின் தாக்குதலைத் தாங்க எதைப் பிடித்துக்கொள்கிறது என்ற கேள்வி நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது.

ரெக்-ஏ தைப்பதோடு நிற்பதில்லை, அபாயமணியும் அடிக்கிறது. அந்த மணி ஒலித்தால் செல் அவசர அவசரமாக, பிழை நேர்ந்தாலும் பரவாயில்லை என்று டிஎன்ஏவை எழுதிச் செல்கிறது. அந்தப் பிழைகளில் ஒன்று மருந்தை எதிர்க்கும் திறனாகவும் அமையலாம். 2014-இல் முனியப்பாவின் குழு, ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தரப்பட்டுவரும் சுராமின் என்ற மருந்து காசநோய்க் கிருமியின் ரெக்-ஏவை முடக்குகிறது என்று அறிவித்தது. 1965-இல் பெர்க்லியில் தற்செயலாக உடைந்த பாகத்தை, இப்போது வேண்டுமென்றே உடைக்கப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் நம் கல்லூரி ஆய்வகங்களில் அயல் மரபணுவை வளர்க்க எடுக்கும் டிஎச்5-ஆல்ஃபா என்ற ஈ. கோலை வகையில் ரெக்-ஏ உடைந்தே இருக்கும். உள்ளே வைத்த டிஎன்ஏவை அது வெட்டி ஒட்டிக் கலைக்காது, வைத்தது வைத்தபடி இருக்கும். குறையோடு பிறந்த அந்த வகைதான் உலகெங்கும் மரபணுக்களைப் பத்திரமாகப் பாதுகாத்துத் தருகிறது.

இருட்டில் நடந்த சாவு

இதுவரை சொன்னதில் ஒரு நெருடல் இருக்கிறது. கவனித்தீர்களா?

1970-களின் தொடக்கத்தில் ரெக்-ஏ இல்லாத பாக்டீரியாக்களின் வளர்ச்சியைச் சிலர் பொறுமையாக எண்ணிப் பார்த்தார்கள். ஒளி இல்லை. நச்சு இல்லை. நல்ல உணவு, நல்ல வெப்பம். செல்லாகக் கண்ணுக்குத் தெரிந்தவற்றில் ஏறத்தாழ பாதியால் குடும்பம் பெருக்க முடியவில்லை. பெருக முடியாத செல் இறந்த செல்லுக்குச் சமம். ரெக்-பி இல்லாதவற்றின் நிலை அதைவிட மோசம்.

புற ஊதா விளக்கு அணைந்துதான் கிடந்தது. யாரும் எதையும் ஊற்றவில்லை. தைக்கும் கை இல்லாததால் செத்தன என்றால், தைக்க வேண்டிய காயம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அமைதியாக வளரும் ஒரு செல்லில், பாதிக்குப் பாதி கொல்லும் அளவுக்கு, தலைமுறைதோறும் இழையை அறுத்தது எது?

ஆரணியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்த ஜெ. கௌரிசங்கர், நோயாளிகளை விட்டு ஈ. கோலையிடம் போனார். மெல்போர்னில் முனைவர் பட்டம், பிறகு ஹைதராபாத். அவருடைய ஆய்வகம் பல ஆண்டுகளாகத் துருவிய இடம், செல் தன் டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏவாக எழுதும் இடம். எழுதிய ஆர்என்ஏ உரிய நேரத்தில் விலகாமல், தான் பிறந்த டிஎன்ஏ இழையோடு மறுபடி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவரும் ஆர். ஹரிநாராயணனும் கேட்டார்கள்.

ஒரே நூலின் மேல் படிக்கும் பொறியும் நகலெடுக்கும் பொறியும் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று வழிவிடும் என்று உறுதி சொன்னது யார்?

அறுப்பது வெளியே இருக்கும் வெளிச்சமா, தறி ஓடும் ஓட்டமேதானா?

(தொடரும்)